மலைநாட்டுல இருந்து ஜென்டூ: கரண்டையும் டேட்டாவையும் பாத்துப் பாத்து சோர்ஸ்ல இருந்து லினக்ஸ் கட்டுற வழி

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளைன்னு நீங்க எங்க இருந்தாலும் சரி, ஜென்டூங்கிற லினக்ஸ் வகையை சோர்ஸ்ல (புரோகிராமர் எழுதுன மூல கோட்) இருந்து நாமளே கம்பைல் பண்ணி (மெஷின் ஓட்டுற வடிவத்துக்கு மாத்தி) அதையே தினமும் பாவிக்கணும்னு நெனக்கிறீங்கன்னா இது உங்களுக்குத்தான். நெட்ல கெடைக்கிற வழிகாட்டி முக்காவாசி, பதினாறு கோர் மெஷினும் நிக்காத கரண்டும் அளவில்லாத நெட்டும் வச்சிருக்கிறவங்க எழுதுனது. நம்ம பக்கம் மத்தியானம் இடி தொடங்குனா பிளக்கைப் புடுங்கணும், மாசக் கடைசியில டேட்டா முடிஞ்சிரும், லெப்டொப்பு யாரோ கொழும்புல பாவிச்சு வித்ததா இருக்கும். இதையெல்லாம் வச்சுக்கிட்டும் செய்யலாம், நான் இப்ப இதை டைப் அடிக்கிறதே அப்படிக் கட்டுன மெஷின்லதான். ஆனா மூணு விஷயத்தைப் பிரிச்சு வைக்கப் பழகணும்: டவுன்லோட் பண்றது ஒரு நேரம், கம்பைல் பண்றது இன்னொரு நேரம், அப்கிரேட்டை மட்டும் சேத்து வைக்கவே கூடாது. இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்புனவங்கதான் பாதியில விட்டுட்டு உபுண்டுவுக்குத் திரும்பிப் போறாங்க.

கமாண்டு, ஃபைல் பேர் எல்லாத்தையும் தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது ஆங்கில எழுத்துல அடிங்க. எழுத்துக்கூட்டல்ல சந்தேகம் வந்தா ஜென்டூ ஹேண்ட்புக்கைப் பாருங்க, அதைத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் எப்படியும் வேலை செய்யணும், இது அதுக்குப் பதில் இல்ல.

ஏன் ஜென்டூ, ஏன் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் இல்லன்னு கேக்குறவங்களுக்கு: ஸ்க்ராட்ச் படிக்கிறதுக்கு அருமையானது, ஆனா அதுல பெக்கேஜ் மேனேஜர்னு (மென்பொருளை இறக்கி, நிறுவி, புதுப்பிச்சுப் பாத்துக்கிறது) ஒண்ணு கெடையாது, ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி ஒரு பெக்கேஜ்ல பாதுகாப்பு ஓட்டையை அடைக்கணும்னாக்கூட நீங்களேதான் தேடி இறக்கி கட்டி வைக்கணும். அதை ஒருதடவை செஞ்சு பாருங்க, ஆனா தினசரி மெஷின்ல வேண்டாம். ஜென்டூல போர்ட்டேஜ்ங்கிற பெக்கேஜ் மேனேஜர் இருக்கு, எதுக்கு எது வேணும்னு அது பாத்துக்கும், நாம எப்ப, எவ்வளவுன்னு மட்டும் பாத்துக்கிட்டா போதும்.

1. மெஷின் தாங்குமான்னு மொதல்ல பாருங்க

கோர் எத்தனைங்கிறதை விட ரேம் எவ்வளவுங்கிறதுதான் முக்கியம். ஒரே நேரத்துல ஓடுற ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் 2 ஜிபி ரேம்னு கணக்கு வச்சுக்கோங்க, 8 ஜிபி இருந்தா நாலு வேலை, 4 ஜிபின்னா ரெண்டே ரெண்டு. எட்டு த்ரெட் இருக்கேன்னு எட்டு வேலை ஓட விட்டா நல்லாத்தான் ஓடும், திடீர்னு ஒரு பெரிய சி பிளஸ் பிளஸ் ஃபைல் வந்ததும் மவுஸ் கூட நகராம மெஷின் ஒறஞ்சு நிக்கும், அப்புறம் கடைசியில "ஃபேட்டல் எரர்: கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்"னு ஒரு வரி வரும். புதுசா வர்றவங்க இதைப் பாத்துட்டு சோர்ஸ்ல பிழை, கம்பைலர்ல பிழைன்னு தேடிக்கிட்டு கெடப்பாங்க. ஒரு பிழையும் இல்ல, ரேம் பத்தாம கேர்னல் அந்த வேலையைக் கொன்னுருச்சு, அவ்வளவுதான். வேலை எண்ணிக்கையைக் கொறச்சு மறுபடி ஓட்டுனா முடிஞ்சிரும்.

கையில காசு கொஞ்சம் இருந்தா செலவு பண்ற வரிசை இதுதான்: மொதல்ல எஸ்எஸ்டி, அடுத்து ரேம், அடுத்து லெப்டொப் பேட்டரி. பேட்டரி எதுக்குன்னா, நம்ம ஊர்ல அதுதான் யூபிஎஸ். செத்த பேட்டரியோட இருக்குற லெப்டொப்புல ஜென்டூ போடாதீங்க, ஒரு கரண்ட் கட்டுல ரெண்டு மணி நேர வேலை போயிரும். டிஸ்க்ல 60 ஜிபியாவது ஜென்டூவுக்குன்னு ஒதுக்குங்க, 100 இருந்தா நிம்மதி.

கரண்ட் பில்லைப் பத்தி வீட்ல கண்டிப்பா கேப்பாங்க. லெப்டொப் முழு வேகத்துல ஓடுனா சுமார் 60 வாட் இழுக்கும்னு வச்சா பத்து மணி நேரத்துக்கு 0.6 யூனிட், ஒண்ணுமே இல்ல. டெஸ்க்டொப்னா 150, 200 வாட் போகும், பத்து மணி நேரத்துக்கு ரெண்டு யூனிட் வரைக்கும். மாசம் 60 யூனிட்டுக்குக் கிட்ட ஓடுற வீடா இருந்தா மட்டும் கவனிங்க, அதைத் தாண்டுனா ரேட்டு மாறிரும். ஒரே மீட்டரைப் பக்கத்து வீட்டோட பங்கு போடுற லயம்னா அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிங்க.

2. தொடங்குறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியவை

இப்ப இருக்குற விண்டோஸையோ உபுண்டுவையோ அழிக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் ரெடியா இருக்கணும். உபுண்டு லைவ் யூஎஸ்பி ஒண்ணுல பூட் பண்ணி "எல்எஸ்பிசிஐ -கே"ன்னு அடிச்சு வர்ற அவ்வளவையும் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, உங்க வைஃபை கார்டுக்கும் கிராஃபிக்ஸுக்கும் எந்த கேர்னல் டிரைவர்னு அதுல தெளிவா இருக்கும், பின்னாடி வைஃபை வேலை செய்யலன்னு முழிக்கும்போது அந்த ஃபோட்டோதான் கைகொடுக்கும். மெஷின் யூஈஎஃப்ஐயா பழைய பயோஸா, செக்யூர் பூட் ஓனா ஓஃபான்னு பாத்து எழுதி வைங்க, செக்யூர் பூட்டை இப்போதைக்கு ஓஃப் பண்ணிருங்க. விண்டோஸையும் பக்கத்துல வச்சுக்கப் போறீங்கன்னா பிட்லொக்கர் ரிக்கவரி கீயை எடுத்துட்டு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்தணும்.

ஹேண்ட்புக்குல நெட்வேர்க் பக்கத்தையும் சிஎச்ரூட் (லைவ் யூஎஸ்பில இருந்துக்கிட்டே டிஸ்க்ல உள்ள சிஸ்டத்துக்குள்ள நுழையிறது) பக்கத்தையும் டவுன்ல கொமியூனிகேஷன்ல குடுத்து பிரிண்ட் எடுத்துக்கோங்க. கேலி இல்ல, கரண்டும் இல்லாம சிக்னலும் இல்லாம ஃபோன் சார்ஜும் போன ராத்திரியில கடதாசி மட்டும்தான் மிஞ்சும்.

யூஎஸ்பி ரெண்டு வேணும், ஒண்ணு பூட் பண்ண, ஒண்ணு ஃபைல் கொண்டு போக. ஃபோனோட டேட்டா கேபிளும் வேணும், அதாவது சார்ஜ் மட்டும் ஏத்துற மலிவு கேபிள் ஒதவாது. இன்ஸ்டோல் நேரத்துல வைஃபை தகராறு பண்ணுனா ஃபோனை யூஎஸ்பில மாட்டி டெதரிங் ஓன் பண்ணுனா பெரும்பாலும் அடுத்த நிமிஷமே நெட் வந்துரும்.

3. டேட்டா கணக்கு

இதுதான் நம்ம ஆட்கள் அதிகமா விழுகுற குழி. பூட் ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட ஒரு ஜிபி (கிராஃபிக்ஸோட வர்ற பெரிய ஐஎஸ்ஓவை எடுத்துறாதீங்க, அது பல ஜிபி), ஸ்டேஜ்3ங்கிற அடிப்படை மூட்டை சில நூறு எம்பி. அதுக்கப்புறம் ஒவ்வொரு பெக்கேஜோட சோர்ஸும் தனித்தனியா இறங்கும். கேர்னல் சோர்ஸ் சுமார் 150 எம்பி, ஃபயர்ஃபொக்ஸ் சோர்ஸ் 500 எம்பிக்கு மேல, குரோமியம் சோர்ஸ் ஜிபி கணக்குல. ஒரு சாதாரண டெஸ்க்டொப் முடியிறதுக்குள்ள 10 ஜிபி வரைக்கும் போகலாம்னு கணக்கு வச்சுட்டு எறங்குங்க.

உங்க டேட்டா பெக்கேஜுல ராத்திரிக்குன்னு தனி கோட்டா இருந்தா அதைப் பாவிக்கிற வழி இது: போர்ட்டேஜை ஓட்டுற கமாண்டு பேர் எமெர்ஜ், எந்த எமெர்ஜ் கமாண்டோடயும் "--ஃபெட்ச்ஒன்லி" சேத்துட்டா அது ஃபைல்களை மட்டும் இறக்கி வச்சுட்டு நின்னுரும், கம்பைல் பண்ணாது. ராத்திரி தூங்கப் போகும்போது இதை ஓட விட்டுட்டு, காலையில நெட்டே இல்லாட்டியும் கம்பைல் பண்ணலாம். பாதியில லைன் அறுந்தாலும் பயம் இல்ல, அடுத்த தடவை விட்ட இடத்துல இருந்து இறக்கும்.

இன்னொன்னு, பெக்கேஜ் லிஸ்ட்டைப் புதுப்பிக்க "எமெர்ஜ்-வெப்ஆர்சிங்க்" பாவிங்க. அது ஒரு நாளைக்கு ஒருதடவை தயாராகுற சுமார் 50 எம்பி மூட்டையை அப்படியே இறக்கும், ஆடி ஆடி வர்ற 4ஜி லைனுக்கு அதுதான் ஒத்து வருது, "எமெர்ஜ் --சிங்க்" சின்னச் சின்ன ஃபைலா லட்சக்கணக்குல ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கும். ஆரம்பத்துலயே "மிரர்செலக்ட்" ஓட்டி உங்க லைனுக்கு எந்த மிரர் (ஃபைல்களோட நகல் வச்சிருக்குற சேர்வர்) வேகமா வருதுன்னு பாத்து வைங்க.

இறங்குன சோர்ஸ் எல்லாம் /வார்/கேஷ்/டிஸ்ட்ஃபைல்ஸ்ல இருக்கும். டவுன்ல ஃபைபர் வச்சிருக்குற கூட்டாளி ஜென்டூ பாவிச்சா அந்த ஃபோல்டரை அப்படியே யூஎஸ்பில கொப்பி பண்ணிட்டு வந்து உங்க மெஷின்ல அதே இடத்துல போடுங்க, போர்ட்டேஜ் செக்சம் சரி பாத்துட்டு எடுத்துக்கும். ஒரு ரூபா டேட்டா செலவில்ல.

4. டிஸ்கைப் பிரிச்சு ஸ்டேஜ்3 விரிக்கிறது

இதுல நான் நீட்டி மொழக்க ஒண்ணுமில்ல, ஹேண்ட்புக்குல உள்ளபடி செய்யுங்க. ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் 1 ஜிபி, ஸ்வொப் உங்க ரேம் அளவுக்கு (ஹைபர்னேட் பண்ண ஒதவும், கம்பைல்ல ரேம் நெருக்குனாலும் ஒதவும்), மிச்சம் எல்லாம் எக்ஸ்ட்4ல ஒரே ரூட்.

இங்க ரெண்டு குழி இருக்கு. ஒண்ணு கடிகாரம்: பழைய லெப்டொப்புல சிமோஸ் பேட்டரி செத்திருந்தா தேதி எங்கயோ காட்டும், அப்ப எச்டிடிபிஎஸ் எதுவும் இறங்காது, சர்ட்டிஃபிகேட் எரர்னு வரும். மொதல்ல "டேட்"னு அடிச்சுப் பாத்துட்டு சரி பண்ணுங்க. ரெண்டாவது, பூட் ஆகும்போது சர்வீஸ் எல்லாத்தையும் தொடங்கி வைக்கிறது ஓப்பன்ஆர்சியா சிஸ்டம்டியான்னு ஸ்டேஜ்3 இறக்கும்போதே முடிவெடுக்கணும், பின்னாடி மாத்துறது பெரிய வேலை. எதுன்னே தெரியலன்னா, உபுண்டுல இருந்து வர்றவங்களுக்கு சிஸ்டம்டி பழக்கமா இருக்கும். நான் ஓப்பன்ஆர்சி ஆளு, பழைய மெஷின்ல அது எனக்குப் புடிக்குது, அதுக்காக சண்டை போட மாட்டேன். எதை எடுத்தாலும் "ஈசெலக்ட் புரொஃபைல் லிஸ்ட்"ல அதே வகையில "டெஸ்க்டொப்"னு உள்ள புரொஃபைலையே (சிஸ்டத்தோட அடிப்படை செட்டிங் தொகுப்பு) தெரிவு செய்யுங்க, ஓப்பன்ஆர்சி ஸ்டேஜ்3 மேல சிஸ்டம்டி புரொஃபைலை வச்சுட்டா அங்கேயே சிக்கல்.

5. மேக் டொட் கொன்ஃப்

/எட்சி/போர்ட்டேஜ்ல இருக்குற இந்த ஒரு ஃபைல்தான் மொத்த சிஸ்டத்துக்கும் தலையெழுத்து, அதனால யாரோ போட்டதை அப்படியே கொப்பி பண்ணாதீங்க.

கம்பைலர் ஃப்ளேக்: "-ஓ2 -பைப் -மார்ச்=நேட்டிவ்". முடிஞ்சது. ஓ3 போடு, ஓஃபாஸ்ட் போடு, வேகமா பறக்கும்னு சொல்றவங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க, காதுல வாங்காதீங்க. கம்பைல் நேரம் கூடும், சிலது ஒடையும், பிரவுசர் தொறக்குற வேகத்துல வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மேக்ஒப்ட்ஸ் (ஒரே நேரத்துல எத்தனை கம்பைல் வேலைங்கிறது): மேல சொன்ன ரேம் கணக்கு. 8 ஜிபிக்கு "-ஜே4 -எல்4". பெரிய பெக்கேஜ் ஒண்ணு ரெண்டு மட்டும் ரேமை முழுங்குச்சுன்னா அதுக்கு மட்டும் பெக்கேஜ் டொட் என்வ் வழியா "-ஜே1" குடுக்கலாம், எல்லாத்தையும் கொறைக்கத் தேவையில்ல.

யூஸ் ஃப்ளேக் (பெக்கேஜ்ல எந்த வசதி வேணும், எது வேண்டாம்னு சொல்றது): இங்கதான் எல்லாருக்கும் கை அரிக்கும். நாப்பது ஃப்ளேக் வரிசையாப் போட்டு, பிடிக்காததுக்கெல்லாம் முன்னாடி மைனஸ் போட்டு, அப்புறம் பாத்தா எதோ ஒரு பெக்கேஜ் இன்னொரு பெக்கேஜை முறைச்சுக்கிட்டு நிக்கும். டெஸ்க்டொப் புரொஃபைல் தேவையானதை ஏற்கனவே போட்டிருக்கு. பொதுவுல நாலஞ்சுக்கு மேல போடாதீங்க, மிச்சத்தை பெக்கேஜ் டொட் யூஸ்ல அந்தந்த பெக்கேஜுக்கு மட்டும் எழுதுங்க. பக்கத்துலயே ஏன் போட்டோம்னு ஒரு வரி கொமென்ட்டும் எழுதிருங்க, ஆறு மாசம் கழிச்சு நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீங்க.

வீடியோகார்ட்ஸ்ல உங்க கிராஃபிக்ஸ் (இன்டெல்னா இன்டெல், புது ஏஎம்டின்னா ஏஎம்டிஜிபியூவும் ரேடியான்எஸ்ஐயும்), எல்10என்ல "ஈஎன் டிஏ".

6. எதைக் கம்பைல் பண்றது, எதை ரெடிமேடா எடுக்குறது

எல்லாத்தையும் சோர்ஸ்ல இருந்துதான் கட்டணும்னு அடம் புடிச்சா நம்ம லைனுக்கும் நம்ம கரண்டுக்கும் தாங்காது. ஜென்டூவே 2023 டிசம்பர்ல இருந்து ஏஎம்டி64க்கும் ஏஆர்எம்64க்கும் ரெடிமேட் பைனரி பெக்கேஜ் குடுக்குது. "கெட்யூட்டோ"ன்னு ஒருதடவை ஓட்டி கீ எல்லாத்தையும் செட் பண்ணிட்டு, மேக் டொட் கொன்ஃப்ல ஃபீச்சர்ஸ்ல "கெட்பின்பிகேஜி" போட்டா எது பைனரியா கெடைக்குதோ அதை இறக்கும், கெடைக்காததைக் கம்பைல் பண்ணும். உங்க யூஸ் ஃப்ளேக்கும் அவங்களோடதும் ஒத்துப் போனாத்தான் பைனரி கெடைக்கும்ங்கிறதை மறந்துறாதீங்க, தேவையில்லாம ஃப்ளேக்கை நோண்டக் கூடாதுங்கிறதுக்கு இது இன்னொரு காரணம்.

இதை எடுத்தா அது ஜென்டூவே இல்லன்னு நக்கல் அடிக்கிறவங்க இருப்பாங்க, அவங்க வந்து நம்ம வீட்ல கரண்ட் பில் கட்டப் போறதில்ல.

நான் பாவிக்கிற பிரிவினை இப்படி: ஃபயர்ஃபொக்ஸ்-பின், லிப்ரேஒஃபிஸ்-பின், ரஸ்ட்-பின், இந்த மூணும் எப்பவும் ரெடிமேட்தான். குரோமியத்தை எட்டிக்கூடப் பாக்காதீங்க, அதைக் கட்டுறதுக்கு தற்காலிக எடமே பத்து ஜிபிக்கு மேல கேக்கும், நாலு கோர் லெப்டொப்னா ஒரு முழு நாளைச் சாப்பிட்டாலும் ஆச்சரியம் இல்ல. க்யூடி வெப்எஞ்சின், வெப்கிட்-ஜிடிகே, எல்எல்விஎம், இதெல்லாமும் அதே சாதிதான், பைனரி கெடைச்சா பைனரி. ஜிசிசி ஒரு பழைய நாலு கோர் மெஷின்ல ரெண்டு மூணு மணி நேரம் எடுக்கும், அதைக் கட்டலாம். மிச்சம் இருக்குற நூத்துக்கணக்கான சின்னது எல்லாம் நிமிஷக் கணக்குதான், அதை சோர்ஸ்லயே கட்டுங்க, ஃப்ளேக்கை மாத்திப் பாருங்க, ரசிக்கிறதுக்கு அங்கதான் விஷயம் இருக்கு. எது எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு "கியூலொப் -டி" பெக்கேஜ் பேரோட அடிச்சா காட்டும், அடுத்த தடவை திட்டம் போட வசதி.

7. கேர்னலும் மொத பூட்டும்

மொத தடவையே கேர்னலைக் கையால கொன்ஃபிகர் பண்ணப் போகாதீங்க. "ஜென்டூ-கேர்னல்-பின்" போடுங்க, கூடவே "லினக்ஸ்-ஃபர்ம்வேர்". ஃபர்ம்வேருக்கு லைசென்ஸ் ஏத்துக்கணும்னு போர்ட்டேஜ் நிப்பாட்டும், பெக்கேஜ் டொட் லைசென்ஸ்ல அதுக்கு மட்டும் அனுமதி எழுதுங்க. "இன்ஸ்டோல்கேர்னல்" பெக்கேஜுக்கு க்ரப், டிராகட்ங்கிற ரெண்டு யூஸ் ஃப்ளேக்கையும் குடுத்துட்டா கேர்னல் மாறும்போதெல்லாம் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட் தொடக்கத்துல ஏறுற சின்ன மூட்டை) க்ரப்ங்கிற பூட் மெனுவையும் அதுவே புதுப்பிச்சுரும். சிஸ்டம் ஒரு மாசம் ஒழுங்கா ஓடுனப்புறம், வேணும்னா "ஜென்டூ-கேர்னல்"க்கு மாறி /எட்சி/கேர்னல்/கொன்ஃபிக்.டி ஃபோல்டர்ல உங்க மாற்றத்தை மட்டும் சின்னத் துண்டு ஃபைலா எழுதிக் கம்பைல் பண்ணுங்க, முழு கொன்ஃபிக்கையும் சுமக்கத் தேவையில்ல.

ரீபூட்டுக்கு முன்னாடி சிஎச்ரூட்டுக்குள்ள இருக்கும்போதே இதையெல்லாம் பாத்துருங்க: ரூட் பாஸ்வேர்ட் வச்சாச்சா, உங்க யூசர் இருக்கா, எஃப்எஸ்டேப்ல (எந்தப் பார்ட்டிஷனை எங்க மாட்டணும்னு சொல்ற ஃபைல்) "பிஎல்கேஐடி" காட்டுன யூயூஐடி தானா இருக்கு, நெட்வேர்க்மேனேஜர் இன்ஸ்டோல் ஆகி பூட்லயே தொடங்குற மாதிரி சேத்தாச்சா. கடைசியாச் சொன்னதைத்தான் நெறய பேர் விட்டுர்றாங்க, ரீபூட் ஆகி கறுப்புத் திரையில லொகின் வந்ததும் சந்தோஷம், அடுத்த நிமிஷம் நெட் இல்ல, நெட் இல்லாம நெட்வேர்க்மேனேஜரை இறக்கவும் வழியில்ல, மறுபடி லைவ் யூஎஸ்பி.

8. டெஸ்க்டொப்பும் தமிழும்

8 ஜிபிக்குக் கீழன்னா எக்ஸ்எஃப்சிஈ. அதுக்கு மேலன்னா பிளாஸ்மாவும் நல்லா ஓடும்.

டைம்ஸோன் ஏசியா/கொலம்போ. லொகேல்ஜென்ல "டிஏ_எல்கே யூடிஎஃப்-8" வரியையும் ஆங்கில வரியையும் சேத்து உருவாக்குங்க, ஆனா சிஸ்டம் மொழியை ஆங்கிலத்துலயே விடுங்க, ஏன்னா எரர் மெசேஜ் வந்தா அதை அப்படியே தேடுனாத்தான் பதில் கெடைக்கும். எழுத்துருவுக்கு நோட்டோ போட்டா தமிழும் சிங்களமும் சேந்தே வந்துரும். தமிழ்ல டைப் பண்ண தனியா எதுவும் போடாமலேயே கீபோர்ட் லிஸ்ட்டுல இலங்கைக்குக் கீழ தமிழ்நெட் 99 இருக்கு, அதைச் சேத்துட்டா போதும். அம்மான்னு ஆங்கில எழுத்துல அடிச்சுப் பழகுனவங்களுக்கு ஐபஸ்-எம்17என் போட்டுக்கோங்க, அதுல உச்சரிப்பு முறை உண்டு.

9. அப்கிரேட்

இன்ஸ்டோல் பண்றது ஒரு போயா லீவோட சேந்த சனி ஞாயிறுல முடிஞ்சிரும், தினமும் பாவிக்கிறதுங்கிறது முழுக்க இதுலதான் இருக்கு. கொழுந்து ரவுண்டு மாதிரி நெனச்சுக்கோங்க, ஏழு நாளைக்கு ஒருக்கா எடுத்தா கை நோகாம வரும், விட்டுட்டா முத்திப் போய் அப்புறம் கத்தி வச்சுத்தான் வெட்டணும். வாரத்துக்கு ஒருதடவை, ரொம்ப முடியாட்டி ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை. ஆறு மாசம் விட்டுட்டு வந்தீங்கன்னா பைத்தன் வேர்ஷன் மாறியிருக்கும், புரொஃபைல் மாறியிருக்கும், போர்ட்டேஜே பழசாகி புது பெக்கேஜைப் படிக்கத் தெரியாம நிக்கும், ஒண்ணை அவிழ்த்தா இன்னொன்னு முடிச்சு விழும்.

வரிசை இது. வெள்ளி ராத்திரி "எமெர்ஜ்-வெப்ஆர்சிங்க்". அது முடிஞ்சதும் "ஈசெலக்ட் நியூஸ் ரீட்", இதைத் தாண்டிப் போகாதீங்க, 2024ல 23.0 புரொஃபைலுக்கு மாறுனப்ப எதை எதுக்கு முன்னாடி கட்டணும்னு படிப்படியா வந்தது இதுலதான், அதைப் படிக்காம சாதாரண அப்கிரேட்னு நெனச்சு ஓட்டுனா கம்பைலரும் அதோட சேந்த கருவிகளும் உள்ள டூல்செயினே கலங்கிப் போகும். அடுத்து "எமெர்ஜ் --அப்டேட் --டீப் --சேஞ்ச்ட்-யூஸ் @வேர்ல்ட்" கமாண்டோட மொதல்ல "--ப்ரிடெண்ட்" சேத்து என்னென்ன வருதுன்னு லிஸ்ட்டைப் பாருங்க, எல்எல்விஎம் மாதிரி யானை எதாவது சோர்ஸா நிக்குதான்னு பாத்துட்டு, சரின்னா ப்ரிடெண்டை எடுத்துட்டு ஃபெட்ச்ஒன்லி போட்டுட்டு படுத்துருங்க.

சனி காலையில அதே கமாண்டை "--ஆஸ்க் --கீப்-கோயிங்" சேத்து ஓட்டுங்க. கீப்-கோயிங் இருந்தா ஒண்ணு ஒடஞ்சாலும் அதை நம்பியில்லாத மிச்சதெல்லாம் ஓடும். நீங்க பாட்டுக்கு பிரவுசர், படம்னு மத்த வேலையைப் பாக்கலாம், மேக் டொட் கொன்ஃப்ல போர்ட்டேஜ்_நைஸ்னெஸ் போட்டு வச்சிருந்தா கம்பைல் ஓடுறதே பெரிசாத் தெரியாது.

சிவப்பு எழுத்துல ஒரு பக்கத்துக்கு ஸ்லொட் கொன்ஃப்ளிக்ட்னு (ஒரே பெக்கேஜோட ரெண்டு வேர்ஷன் மோதுறது) வந்தா மேல இருந்து படிக்காதீங்க, கீழ இருந்து படிங்க, எந்தப் பெக்கேஜ் எந்தப் பழைய வேர்ஷனைப் புடிச்சுக்கிட்டு இருக்குன்னு அங்கதான் இருக்கும். பாதிக்குப் பாதி "--பேக்ட்ராக்=50" குடுத்தாலே தீர்ந்துரும். ஓட்டோஅன்மாஸ்க் (தடுத்து வச்ச பெக்கேஜுக்கு அனுமதி எழுதுற வசதி) எதாவது ஃபைல்ல எழுதட்டுமான்னு கேட்டா வாசிச்சுட்டு ஓம் சொல்லுங்க, குறிப்பா ரெண்டு நட்சத்திரத்தோட எதாவது எழுதப் பாத்தா ஓம் சொல்லவே வேண்டாம்.

எல்லாம் முடிஞ்சதும், அப்கிரேட்ல மாறுன கொன்ஃபிக் ஃபைல்களைச் சேக்க "டிஸ்பேச்-கொன்ஃப்". திரையில பழைய வரி மைனஸோட, புது வரி பிளஸோட நிக்கும், கீழ எழுத்து கேக்கும். "யூ" அடிச்சா புதுசு வந்து ஒக்காரும், "இசட்" அடிச்சா புதுசு குப்பைக்குப் போய் உங்களோடது அப்படியே நிக்கும், "எம்" அடிச்சா ரெண்டையும் வரி வரியாச் சேக்கலாம். நீங்க கையே வைக்காத ஃபைலா இருந்தா யூ. நீங்க எழுதுன வரி மைனஸ்ல தெரிஞ்சா நிதானிங்க, அவசரத்துல யூ யூ யூன்னு அடிச்சுக்கிட்டே போனா உங்க க்ரப் செட்டிங்கும் சுடோ செட்டிங்கும் போயிரும்.

அதுக்கப்புறம் "எமெர்ஜ் @ப்ரிசேர்வ்ட்-ரீபில்ட்" கேட்டா அது, கடைசியா, இனி எதுக்கும் தேவைப்படாத பெக்கேஜை அழிக்க "எமெர்ஜ் --ஆஸ்க் --டெப்கிளீன்". டெப்கிளீன் லிஸ்ட்டையும் வாசிக்காம ஓம் சொல்லாதீங்க. மாசத்துக்கு ஒருக்கா "ஈகிளீன்-டிஸ்ட்" ஓட்டுனா பழைய சோர்ஸ் போய் எடம் கெடைக்கும். கேர்னல்ல மட்டும் பழசு ஒண்ணை எப்பவும் விட்டு வைங்க, புதுசு பூட் ஆகாட்டி க்ரப் மெனுல அதுல ஏறிக்கலாம்.

10. கரண்ட் போனா, இடி இடிச்சா

மார்ச் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வழக்கம். அந்த மாசங்கள்ல கம்பைலை விடியக்காலையில தொடங்கி மத்தியானத்துக்குள்ள முடியிற மாதிரி பாத்துக்கோங்க. வானம் கறுத்தா சார்ஜரையும் ரவுட்டர் பிளக்கையும், ஃபோன் லைன் வர்ற ரவுட்டர்னா அந்த வயரையும் புடுங்குங்க, மின்னல் அந்த வழியாவும் வரும்.

புடுங்குனதும் கம்பைல் ஓடுற டெர்மினல்ல கன்ட்ரோல்-இசட் அடிங்க, அப்படியே ஒறஞ்சு நிக்கும், பேட்டரியும் தின்னாது. கரண்ட் வந்ததும் "எஃப்ஜி"ன்னு அடிச்சா விட்ட வரியில இருந்து ஓடும். மூடியை மூடி சஸ்பென்ட் பண்ணுனாலும் அதே கதைதான். நேரமாகும் போல தெரிஞ்சா, ஸ்வொப் போதுமா இருந்தா, ஹைபர்னேட்.

மெஷினே ஓஃப் ஆயிருச்சுன்னா பதறாதீங்க. போர்ட்டேஜ் ஒரு பெக்கேஜைத் தனி ஃபோல்டர்ல முழுசாக் கட்டி முடிச்சப்புறம்தான் சிஸ்டத்துக்குள்ள கொண்டு வந்து வைக்கும், அதனால கம்பைல் நேரத்துல போன கரண்ட் ஓடுற சிஸ்டத்தைத் தொடாது. "எமெர்ஜ் --ரெஸ்யூம்" அடிச்சா முடிஞ்சதை விட்டுட்டு நின்ன பெக்கேஜ்ல இருந்து தொடங்கும், ஆனா அந்த ஒரு பெக்கேஜ் மட்டும் மொதல்ல இருந்து. ரெண்டு மணி நேரம் ஓடுன ஜிசிசியா இருந்தா வயிறு எரியும்தான். சிசிகேஷ் (கம்பைல் பண்ணுனதை ஞாபகம் வச்சுக்கிறது) போட்டு ஃபீச்சர்ஸ்ல சேத்து வச்சா மறுபடி ஓடும்போது வேகமாப் போகும், ஒரு 5 ஜிபி டிஸ்க் குடுக்கணும். கம்பைல் ஃபோல்டரை ரேம்ல வைக்கச் சொல்ற யோசனை நெட்ல நெறய கெடக்கும், 8 ஜிபி மெஷினுக்கு அது வேண்டாம்.

சூட்டைப் பத்தியும் ஒண்ணு. நுவரெலியா குளிருக்கு லெப்டொப் சூடாகாதுன்னு நெனச்சு கம்பளி மேல வச்சு ஓட விடுறவங்க இருக்காங்க, அடியில காத்து போற வழி அடைஞ்சா வெளிய எவ்வளவு குளிரா இருந்தாலும் உள்ள கொதிக்கும், வேகத்தைத் தானே கொறச்சுக்கும், ஒரு மணி நேர வேலை மூணு மணி நேரமாகும். பலகை மேல வைங்க. பனி மூட்டம் உள்ள வர்ற ஜன்னலோரமும் வேண்டாம். "சென்சர்ஸ்" கமாண்டுல 90 டிகிரிக்கு மேலயே நிக்குதுன்னா ஃபேனைத் தொடச்சு தெர்மல் பேஸ்ட் மாத்துற நேரம் வந்துருச்சு.

11. எதையெல்லாம் பத்திரமா எடுத்து வைக்கணும்

/எட்சி/போர்ட்டேஜ் ஃபோல்டர் முழுசா, /வார்/லிப்/போர்ட்டேஜ்ல இருக்குற வேர்ல்ட் ஃபைல் (நீங்களா கேட்டு நிறுவுன பெக்கேஜ் பட்டியல்), எஃப்எஸ்டேப், நீங்க எழுதுன கேர்னல் கொன்ஃபிக் துண்டுகள். இவ்வளவும் சேந்தா ஒரு எம்பி கூட வராது, ஆனா டிஸ்க் செத்தாலும் அதே சிஸ்டத்தை மறுபடி கட்ட இது போதும். ஒவ்வொரு அப்கிரேட் முடிஞ்சதும் யூஎஸ்பிக்கு கொப்பி பண்ணுங்க. ஃபீச்சர்ஸ்ல "பில்ட்பிகேஜி"ன்னும் போட்டு வைங்க, நீங்க கட்டுன ஒவ்வொண்ணோட பைனரியும் /வார்/கேஷ்/பின்பிகேஜிஎஸ்ல நிக்கும், புது வேர்ஷன் சொதப்புனா பழசை ரெண்டு நிமிஷத்துல திருப்பிப் போடலாம். இன்ஸ்டோலுக்குப் பாவிச்ச லைவ் யூஎஸ்பியை அழிக்காதீங்க, பூட் ஆகாத நாளைக்கு அதுல ஏறி, பார்ட்டிஷனை மவுன்ட் பண்ணி, அந்த பிரிண்ட் எடுத்த பக்கத்தைப் பாத்து சிஎச்ரூட் பண்ணி உள்ள போனா எதையும் சரி பண்ணிரலாம்.

ஒரே தோட்டத்துல, ஒரே டவுன்ல ரெண்டு மூணு பேர் சேந்து பாவிக்கிறீங்கன்னா நல்ல மெஷின் வச்சிருக்குறவர் கட்டி அந்த பைனரி ஃபோல்டரை மத்தவங்களுக்குக் குடுக்கலாம். அப்படிச் செய்யப் போறீங்கன்னா எல்லாரும் ஒரே புரொஃபைல், ஒரே யூஸ் ஃப்ளேக் வச்சுக்கோங்க, கட்டுறவர் மேக் டொட் கொன்ஃப்ல நேட்டிவ்ங்கிறதை எடுத்துட்டு "-மார்ச்=எக்ஸ்86-64-வி2" போடணும். நேட்டிவ்ல கட்டுனதைப் பழைய புரொசசருக்குக் கொண்டு போனா "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்"னு ஒரு வரி காட்டிட்டு புரோகிராம் தொறக்காமலே செத்துரும்.